கழுவிக் காயவைத்த ஃபில்டர்கள்

"சார், இந்த மாஸ்க்கை மாட்டிக்கிட்டு பெயிண்ட் ரூம்ல வந்து நில்லுங்க. ஒரு பஸ்ஸுக்கு ஒரு கோட் அடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னா போதும்."

மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தார், மேசைமேல் நான் வைத்த மாஸ்க்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொன்ன?"

"எல்லா மாஸ்க்கும் நல்லா இருக்குன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடச் சொல்றீங்கல்ல. நல்லா இருக்கிற மாஸ்க்தானே, மாட்டிக்கிட்டு வாங்க."

இந்தக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று மாமா சொன்ன ஒரே புத்திமதி, இதைக் கேட்கக் கூடாது என்பதுதான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இங்கே மாஸ்க் ரூம் அவர் பொறுப்பு. சொல்லிவைத்து எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "எது வேணா கேளு பாப்பா. கையுறை கேளு, கண்ணாடி கேளு, உக்கார நாற்காலி கேளு. மேல இருக்கிறவங்களை மட்டும் உள்ள வந்து பாருங்கன்னு கூப்பிட்டுடாத. அப்படிக் கூப்பிட்டவன் எவனும் அடுத்த மாசம் இங்க இல்ல."

மூன்று மாதம் அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மேனேஜர் கப்பை வைத்தார். "எனக்கு வீசிங் இருக்கும்மா. பெயிண்ட் நெடி சுத்தமா ஆகாது."

கூச்சமே இல்லாமல் சொன்னார். டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அதுக்குத்தானே சார் மாஸ்க்."

அவர் போனை எடுத்து, "மாஸ்க் ரூம் ஆளை மேல வரச் சொல்லு" என்றார்.

மாமா படியேறி வருவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறார்கள். ஒரு முனையில் எஞ்சினும் சக்கரமும் மட்டும் உருண்டு உள்ளே வரும். மறுமுனையில் பளபளவென்று முழு பஸ் வெளியே போகும். நடுவில் இருக்கும் தகரக் கொட்டகைதான் பெயிண்ட் ரூம். காற்றை வெளியே தள்ள அங்கே இரண்டு பெரிய ஃபேன். ஒன்று ஓடும். இன்னொன்றைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு "பார்க்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பதினொரு பெயிண்டர்கள். ஆளுக்கு ஒரு மாஸ்க். மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர், இரண்டு கன்னத்திலும் இரண்டு கறுப்பு ஃபில்டர் டப்பா. டப்பாவுக்குள் கரி. பெயிண்டில் கலக்கும் தின்னரின் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தக் கரிதான். கரிக்கு ஒரு அளவு உண்டு. வயிறு நிறைந்துவிட்டால் அதற்கு மேல் பிடிக்காது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். எங்கள் வேலைக்கு ஒரு ஃபில்டர் ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள டிகிரி வேண்டாம். ஆனால் நான் டிகிரி வாங்கித்தான் வந்தேன், தொழிற்சாலைப் பாதுகாப்பில். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை யார் சொன்னாலும் பாராட்டு மாதிரி ஆரம்பித்து அதட்டல் மாதிரிதான் முடியும்.

மாதம் ஒருமுறை மாஸ்க்குகளைப் பரிசோதித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ரப்பர் வெடித்திருக்கிறதா, வார் தொய்ந்திருக்கிறதா, மூச்சு வெளியேறும் வால்வில் பெயிண்ட் ஒட்டி விறைத்திருக்கிறதா, எல்லாம் பார்ப்பேன். ஃபில்டர்கள் மட்டும் வாய் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள், புதிதாக, வரிசையாக மாமாவின் அலமாரியில் இருக்கும். டப்பாவில் அச்சடித்த தேதியைப் பார்ப்பேன். பிரிக்காத ஃபில்டருக்கு ஐந்து வருடம் ஆயுள். தேதி சரி, உறை சரி. கையெழுத்து. ஒரு உறையைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை.

நாளைக்கு, பஸ் வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கேட்ட காகிதங்களில் ஒன்று, மாஸ்க் ஒவ்வொரு ஆளின் முகத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்த அறிக்கை. "டெஸ்ட் பண்ணினதா ஒரு பேப்பர் ரெடி பண்ணிடும்மா" என்றார் மேனேஜர். நான் காது சரியாகக் கேட்காதவள் மாதிரி, டெஸ்டையே பண்ணிவிட்டேன்.

நேற்றுக் காலை பெயிண்ட் ரூமுக்குப் பின்னால் ஒரு வளையத்தில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டுக் கூடாரம் மாதிரி கட்டினேன். அதற்குள் வாழைப்பழ வாசனை அடிக்கிற ஒரு எண்ணெயில் நனைத்த காகிதம். பெயிண்டர் மாஸ்க் மாட்டிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், பேச வேண்டும். வாழைப்பழ வாசனை வந்தால் மாஸ்க் தோற்றது. வராவிட்டால் தேறியது.

"என்ன சேஃப்டி, பழத்தைக் கண்ணுல காட்டாம வாசனையை மட்டும் காட்டுறீங்க" என்றார் முதலில் வந்தவர். ஆள் ஒல்லி என்பதால் எல்லோருக்கும் அவர் 'கம்பி'.

"வாசனை வரலன்னா பாஸ் அண்ணே."

"எங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒரு வாசனையும் வராது. அப்போ என் சம்சாரம் பாஸா, ஃபெயிலா?"

"வீட்டுக்குப் போய் அண்ணிகிட்டயே கேளுங்க. நாளைக்கு வேலைக்கு வந்தீங்கன்னா பதிலைச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்தார். "பழக்கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும்மா."

வாரை இறுக்கினேன். ஃபில்டர்கள் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுக்கச் சொன்னேன். மாஸ்க் முகத்தோடு ஒட்டியது, எங்கும் கசிவில்லை. மறுபடி உள்ளே அனுப்பினேன். மறுபடி பழக்கடை. அடுத்தவர், அவருக்கு அடுத்தவர், பத்துப் பேருக்கும் அதே கதை. அளவு தப்பாக வாங்கிவிட்டார்களோ என்று என் புத்தி வேறெங்கோ ஓடியது.

கடைசியாகத் தாடி அண்ணன். பெயிண்டர்களுக்கு அவர்தான் மூத்தவர். நெஞ்சைத் தொடும் தாடி. தாடிமேல் மாஸ்க் ஒட்டாது, எடுத்துவிடுங்கள் என்று மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். "தாடியை எடுத்தா எம் புள்ளைங்க யாரோன்னு நினைச்சு கதவைச் சாத்திடும்" என்பார். கூடாரத்துக்குள் ஐந்து நிமிடம் நின்றார். தலையை ஆட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார், பெயிண்ட் நிறங்களின் பெயரையெல்லாம் ஒப்பித்தார். ஒன்றும் இல்லை.

"பாத்துக்கோங்க" என்றார் கம்பி. "தாடிதான் அசல் ஃபில்டர். நாளையிலேர்ந்து எல்லாரும் வளக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'பாஸ்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் கை நின்றது. ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிற அந்தத் தாடியோடு எப்படி? அவரை மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, எண்ணெய்க் குப்பியை மூக்கருகில் நீட்டினேன்.

"என்ன வாசனை அண்ணே?"

முகர்ந்தார். இன்னொரு தரம் ஆழமாக முகர்ந்தார். "தண்ணியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கம்பி ஓடிப்போய்த் தின்னர் டின்னைத் திறந்து கொண்டுவந்தார். கண் எரிகிற நெடி. தாடி அண்ணன் அதையும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

சோதனைக்கு முன்னால், அந்த ஆளுக்கு வாசனை தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புத்தகத்தில் முதல் வரியே அதுதான். வாழைப்பழ வாசனை தெரியாத ஆள் யார் இருக்கப் போகிறார்கள் என்று நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

"கொஞ்ச மாசமாவே இப்படித்தான்" என்றார் அவர். "முதல்ல ஜலதோஷம்னு நினைச்சேன். அப்புறம் சரி, வேலைக்கு நல்லதுதானே, நெடி தெரியறதில்லன்னு விட்டுட்டேன்." தாடியைத் தடவினார். "சின்னவ குளிச்சிட்டு ஓடி வந்து மடியில உக்காருவா. ஒரு வாசனையும் இருக்காது. பொம்மையைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும். அது ஒண்ணுதான்."

'பாஸ்' என்பதை அடித்தேன். அடித்த இடத்தில் காகிதம் கிழிந்தது.

மற்ற பத்துப் பேரின் மாஸ்க் முகத்தோடு நன்றாகத்தான் ஒட்டுகிறது. அப்படியானால் வாசனை வருகிற வழி ஒன்றுதான். அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த புது ஃபில்டர் ஒன்றின் உறையைப் பல்லால் கிழித்தேன். புது ஃபில்டருக்கு ஒரு மணமும் இருக்கக் கூடாது. இதில் சலவை சோப்பு மணத்தது.

மாஸ்க் ரூம் மாதிரி சுத்தமான இடம் அந்தக் கம்பெனியில் வேறு கிடையாது. ஒவ்வொரு மாஸ்க்குக்கும் பெயர் எழுதிய கொக்கி, கொக்கிக்குக் கீழே துடைக்கும் துணி. அதன் பின்கதவை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நேற்றுத் திறந்தேன். இரும்பு வலைமேல் ஃபில்டர்கள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நுரை அடங்காத ஒரு வாளி. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகளின் கட்டு, உறையின் வாயை ஒட்டுவதற்கு ஒரு இஸ்திரிப் பெட்டி. நடுவில் மாமா, முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு.

"வா பாப்பா" என்றார் சந்தோஷமாக. "உள்ள ஈரம், பாத்து வா."

"எத்தனை நாளா மாமா இதைக் கழுவுறீங்க?"

"புது ஸ்டாக் வர்றது நின்ன நாள்லேர்ந்து. எட்டு மாசம் இருக்கும். ஏன், அழுக்கோட குடுக்கச் சொல்றியா? மூக்குல வைக்கிற சாமான்."

"இதைக் கழுவக் கூடாது மாமா. உள்ள கரி இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். என்ன கறுப்பு தெரியுமா வருது. மூணு தண்ணி அலசுவேன். கடைசித் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்தேன். கரி எதற்கு, அது எதைப் பிடிக்கிறது, நிறைந்தால் என்ன ஆகும், சோப்புத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஃபில்டரை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் டிராயரிலிருந்து ஒரு கற்றைச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். புது ஃபில்டர் வேண்டும் என்று மாதாமாதம் அவர் எழுதிய சீட்டுகள். எட்டிலும் மேனேஜரின் சிவப்பு மை: 'இருப்பு உள்ளதே.'

"நான் கேக்காம இல்ல பாரு. அவர் தரல, நான் சமாளிச்சேன். அலமாரி காலியா இருந்தா என்னைத்தானே கேப்பாங்க?"

"தாடி அண்ணனுக்கு எந்த வாசனையும் தெரியல மாமா."

"அவன் பீடி குடிப்பான்" என்றார் உடனே. கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு, "அப்போ நான்தான் காரணம்கிறியா?"

"நீங்களும்தான். பாக்காமலே கையெழுத்துப் போட்ட நானும்தான்."

"சரி, இனிமே கழுவல. விடு. இப்போ அந்த ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்தைப் போடு. நாளன்னிக்கு வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவாப் பேசிப் புதுசு வாங்கிக்கலாம்."

"அவங்களுக்குக் காட்டப்போற பஸ்ஸுக்கு இன்னும் மூணு கோட் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் இதைத்தானே மாட்டிக்கிட்டு நிப்பாங்க? நடந்ததை எழுதிக் குடுக்கப் போறேன் மாமா."

மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க அக்கா மூஞ்சிக்காக உன்னை இங்க கொண்டாந்து விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அந்த அக்கா, அதாவது என் அம்மா, சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "மாமா போன் பண்ணினான். என்னவோ எழுதிக் குடுக்கப் போறியாமே."

"ஆமா."

"அவன் பேரு வருமா?"

"வரும். என் பேரும் வரும்."

"உன்னைப் படிக்க வச்சது இதுக்கா?"

"வேற எதுக்கும்மா?"

சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்தில் அவள் பதில் இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இதோ, மாமா வந்துவிட்டார். மேனேஜர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆள் அவர் ஒருவர்தான். மேசைமேல் இருந்த மாஸ்க்கைப் பார்த்ததுமே நான் என்ன கேட்டிருப்பேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "கேட்டுட்டியா" என்று முணுமுணுத்தார்.

"ஏம்ப்பா" என்றார் மேனேஜர். கழுவிய விஷயத்தை நான் உள்ளே வந்ததுமே அவரிடம் சொல்லியிருந்தேன். "ஃபில்டரைக் கழுவச் சொல்லி நான் எப்பவாவது சொன்னேனா?"

"இல்ல சார்."

"எனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நானாத்தான் செஞ்சேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். குரல் ரொம்ப மிருதுவாகிவிட்டது. "கேட்டுக்கிட்டியாம்மா? ரெண்டே வழிதான். ஒண்ணு, இவர் தப்புப் பண்ணினார்னு எழுதிக் குடு. இவரை அனுப்பிட்டு ஆக வேண்டியதைப் பாக்கறேன். இல்லையா, பேசாம ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு. எது வேணும், நீயே சொல்லு. உங்க மாமாதானே."

மாமாவை வைத்து என்னைக் கட்டிவிடலாம் என்று நினைத்தார். நேற்றுக் காலைவரை நானே அப்படிக் கட்டுண்டுதான் கிடந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

"எழுதியாச்சு சார்." பையிலிருந்து நகலை எடுத்து மாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஃபில்டரைக் கழுவினது மாமா. கழுவக் கூடாதுன்னு யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல, அதுவும் இருக்கு. எட்டு மாசம் புதுசு கேட்டும் வாங்காதது நீங்க. சீட்டு எட்டும் பின்னாடி இணைச்சிருக்கேன், உங்க கையெழுத்தோட. பிரிச்சுப் பாக்காம மூணு மாசம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். தாடி அண்ணனை டாக்டர்கிட்ட அனுப்பணும், மத்தவங்களையும் பரிசோதிக்கணும், அது கடைசிப் பக்கம்."

முதல் பக்கத்தில் இருந்த முத்திரையை அவர் அப்போதுதான் கவனித்தார். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தின் முத்திரை. வருகிற வழியில் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் கம்பெனிக்கே வந்தேன்.

"வெளியில குடுத்துட்டியா?" குரலில் இருந்த மிருது போய்விட்டது. "குடுத்துட்டு வந்து என்கிட்ட என்ன நாடகம் ஆடற? ரெண்டு மணிக்குப் பெயிண்ட் அடிச்சாகணும் எனக்கு." நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனார். கீழே அரைகுறை நிறத்தில் பஸ் நின்றது. அதன் நிழலில் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஏன் எல்லாம் உக்காந்திருக்கானுங்க?"

"மாஸ்க் இல்லாம உள்ள போகக் கூடாதுன்னு கதவுல நீங்கதானே சார் போர்டு மாட்டியிருக்கீங்க."

"மாஸ்க்தான் இருக்கே."

"ரப்பர் இருக்கு. ஃபில்டர் இல்ல. அலமாரியில இருந்தது, வலையில காஞ்சது, எல்லாத்தையும் காலையில சுத்தியலால நசுக்கிட்டேன். கெட்டுப்போனதைத் திரும்ப யாரும் எடுத்து மாட்டாதபடி அழிக்கணும்னு விதி இருக்கு. தாடி அண்ணன்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தார். மிச்சம் இந்த மாஸ்க்குல இருக்கிற ஜோடி மட்டும்தான். அது உங்களுக்காக வச்சது. நல்லா இருக்குன்னு சொல்றீங்களே, மாட்டிக்கிட்டு நீங்களே அடிங்க."

மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. மேசை டிராயரைத் திறந்து மருந்து ஸ்ப்ரேயை எடுத்து வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"இப்போ வெளிய போனா" என்றார் மூச்சு திரும்பியதும், "மறுபடி இந்த கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. வேற எந்தக் கம்பெனியிலயும் முடியாதபடி செய்வேன்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவருடைய டீ கப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாமா அதுவரை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயர் இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முழுப் பேரையும் எழுதியிருக்கியே பாப்பா" என்றார்.

"என் பேரையும் முழுசாத்தான் எழுதியிருக்கேன் மாமா. கீழ பாருங்க."

"இனி எனக்கு யாரு வேலை குடுப்பா?"

 யாராவது கொடுப்பார்கள் என்று பொய் சொல்ல நான் பழகவில்லை. "விசாரிக்க வருவாங்க. இவர் உங்களைச் சொல்ல வச்சதை அவங்ககிட்ட சொல்லாதீங்க. சீட்டு எழுதினீங்கல்ல, அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை.

"எங்கம்மா போற?" என்றார் மேனேஜர். "பேசிட்டிருக்கேன்ல."

ஆய்வாளர் இன்று வரலாம் என்று அவர் அலுவலகத்தில் சொன்னார்கள். வராமலும் போகலாம், அப்படி என்றால் நாளைக் காலை முதல் ஆளாக அந்த அலுவலக வாசலில் நான் நிற்பேன், மறுநாளும் நிற்பேன். அதை நேற்றே முடிவு செய்தாகிவிட்டது. மேனேஜரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கதவைத் திறந்து, சாத்தாமல், படியிறங்கினேன்.